கடையடைத்துக் கணக்கெடுக்கும் கணிப்பொறி

ஆண்டுக்கு ஒருமுறை சில கடைகளின் வாயிலில் ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'இருப்புக் கணக்கு எடுப்பதால் இன்று விற்பனை இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். உள்ளே விளக்கு எரியும், ஆட்களும் இருப்பார்கள். கணக்குப்பிள்ளை பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பார். "ஒரு கிலோ சர்க்கரைதானே, கொடுத்துவிட்டு எண்ணக்கூடாதா?" என்று யாராவது கேட்டால் கடைக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். எண்ணி முடித்த மூட்டையிலிருந்து ஒரு கிலோ போய்விட்டால் பேரேடு ஒன்று சொல்லும், மூட்டை வேறொன்று சொல்லும். பிறகு பிழை எங்கே என்று தேடுவதற்கே இன்னொரு நாள் கடையை அடைக்க வேண்டியதுதான்.

கணிப்பொறிக்கும் இப்படிக் கடையை அடைக்க வேண்டிய நேரம் வருவதுண்டு. லினக்ஸ் இயக்க அமைப்பில் அதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திரையில் அது 'ரெக்கவரி மோட்' என்று ஆங்கிலத்தில் காணப்படும். நாம் அதனை 'மீட்பு நிலை' என்று அழைப்போம்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒருநாள் மின்சாரம் திடீரென்று நின்று, மீண்டும் வந்தபின் உங்கள் கணிப்பொறி தொடங்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் சில வெள்ளை எழுத்துகள் மட்டும் நிற்கின்றன. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போகிறீர்கள். "வட்டை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். சரியாகத்தான் ஆகும். ஆனால் ஓராண்டாக நீங்கள் எழுதிய குறிப்புகளும், தாத்தாவின் பழைய புகைப்படங்களும் அதோடு போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலத்தான் இது. பெரும்பாலான வேளைகளில் அந்தக் கோப்புகள் வட்டில் அப்படியே பத்திரமாக இருக்கின்றன; அவற்றை அடைவதற்கான வழியில்தான் ஏதோ ஒரு கல் கிடக்கிறது.

அந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அறிய வேண்டுமானால், கணிப்பொறி எப்படித் தொடங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் சாவி

நிறுத்தி வைத்திருக்கும் கணிப்பொறியின் நினைவகம் வெறுமையாக இருக்கும். இயக்க அமைப்பு முழுவதும் வட்டில் உறங்குகிறது. அதை நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் எங்கே இருக்கிறது? அதுவும் வட்டில்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

முற்காலத்தில் இந்தச் சிக்கலை மனிதரே கையால் தீர்த்தனர். 1975இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன. அவற்றை மேலும் கீழும் தள்ளி, ஒரு மிகச் சிறிய நிரலை எண் எண்ணாக உள்ளே செலுத்துவார்கள். அந்தச் சிறிய நிரல், காகித நாடாவிலிருந்து பெரிய நிரலைப் படித்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்து ஆர்வலர்களின் பொறுமையை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இன்று அந்த முதல் நிரல், மதர்போர்டில் பொருத்தப்பட்ட ஒரு சில்லில் நிலையாகப் பதிந்திருக்கிறது. விசையை அழுத்தியதும் செயலி முதலில் அதைத்தான் படிக்கும். நினைவகம் சரியாக இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று அது பார்த்துவிட்டு, வட்டில் உள்ள ஒரு தொடக்க நிரலைத் தேடி எடுக்கும். பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளைத்தான் அது படிக்கும். அதிலும் நிரலுக்கென்று ஒதுக்கிய இடம் 446 பைட்டுகளே. யூனிகோடு தமிழில் எழுதினால் ஏறத்தாழ மூன்று வரிக்கு மேல் அதில் பிடிக்காது. அவ்வளவு சிறிய இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: தன்னைவிடப் பெரிய அடுத்த நிரலைக் கூப்பிடுவது. புதிய கணிப்பொறிகளில் உள்ள யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் இந்த நெருக்கடி இல்லை. வட்டில் தனியாக ஒரு சிறு பகுதியையே இதற்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.

லினக்ஸில் அந்தத் தொடக்க நிரலாகப் பெரும்பாலும் இருப்பது 'கிரப்'. கிரப் வட்டிலிருந்து இரண்டு பொருள்களை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. ஒன்று, கெர்னல் எனப்படும் கரு. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில் எழுதி வெளியிட்டது இந்தக் கருவைத்தான். லினக்ஸ் என்ற பெயர் முறையாக அதற்கே உரியது. மற்றொன்று, கருவுக்கு வழிச்சோறு போலக் கட்டித்தரப்படும் ஒரு சிறு மூட்டை. உண்மையான வட்டைக் கண்டுபிடித்துத் திறக்கத் தேவையான கருவிகள் அதில் இருக்கும்.

கரு விழித்ததும் வட்டைத் திறக்கிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். திறந்தவுடனே அது எழுதத் தொடங்கிவிடுவதில்லை. 'படிக்கலாம், எழுதக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் முதலில் திறக்கிறது. வட்டின் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று உறுதியான பிறகே எழுதும் அனுமதி தரப்படும். அதன்பின் கரு, முதல் செயல்முறை என்ற ஒன்றைத் தொடங்கிவைத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இன்று பல லினக்ஸ் வகைகளில் இந்த இடத்தில் இருப்பது, 2010இல் அறிமுகமான 'சிஸ்டம்டி'. வலைத்தொடர்பு, கடிகாரம், அச்சுப்பொறி, ஒலி, கடைசியாக வண்ணத் திரையில் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பகுதி என்று ஒவ்வொன்றாக அது எழுப்பிவிடும்.

இவை யாவும் சில நொடிகளில் நடந்துவிடுகின்றன. நீங்கள் பார்ப்பது ஒரு சின்னம் சுழல்வதை மட்டுமே.

ஒரே ஒருவர்

மீட்பு நிலை லினக்ஸில் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. அதன் தாய்வீடு யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் 1969இல் தொடங்கிய இயக்க அமைப்பு அது. ஒரு கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வதற்காக அதை உருவாக்கினார்கள். பல அறைகளில் பலர் தட்டச்சு முனைகளின் முன் அமர்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். அப்படி இருக்கும்போது வட்டின் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? எண்ணிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் ஒரு கோப்பை அழிப்பார். மற்றொருவர் புதிதாக எழுதுவார்.

ஆகவே 'ஒருவர் மட்டும்' என்ற ஒரு நிலையை வைத்தார்கள். பி.டி.பி.-11 கணிப்பொறியின் முகப்புச் சுவிட்சுகளை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு அமைத்துவிட்டுத் தொடங்கினால், மற்ற முனைகள் எதுவும் உயிர் பெறாது. கணிப்பொறியின் அருகில் நிற்பவரின் முனை மட்டும் விழிக்கும். அவர் நிதானமாகச் சரிபார்த்துப் பழுது நீக்கியபின் மற்றவர்களை உள்ளே விடுவார். கடைவாயில் பலகைக்கு இது சரியான இணை அல்லவா?

இன்று உங்கள் மடிக்கணினியை நீங்கள் ஒருவர்தான் பயன்படுத்துகிறீர்கள். அப்படியிருக்க 'ஒருவர் மட்டும்' என்பதற்கு என்ன பொருள்? நீங்கள் ஒருவர்தான், ஆனால் உங்களுக்குத் தெரியாமல் உள்ளே நூற்றுக்கணக்கான செயல்முறைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று நாட்குறிப்பு எழுதுகிறது, ஒன்று புதுப்பிப்பு வந்ததா என்று பார்க்கிறது, ஒன்று கோப்புகளுக்கு அட்டவணை போடுகிறது. எல்லாம் வட்டில் கை வைப்பவை. அன்றைய தட்டச்சு முனைகளின் இடத்தை இன்று இவை பிடித்துக்கொண்டன.

சில சொற்களே வேறுபாடு

மீட்பு நிலை என்பது கணிப்பொறிக்குள் ஒளித்து வைத்திருக்கும் வேறொரு இயக்க அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். கிரப் பட்டியலில் சாதாரணத் தொடக்கத்துக்கு ஒரு வரி, மீட்பு நிலைக்கு ஒரு வரி இருக்கும். இரண்டும் கூப்பிடுவது அதே கருவை. அதே வழிச்சோற்று மூட்டையை. கருவிடம் சொல்லி அனுப்பும் செய்தியில்தான் சில சொற்கள் மாறுகின்றன. சாதாரண வரியில், 'பேசாமல் தொடங்கு, அழகான படத்தைக் காட்டு' என்ற பொருளில் இரு சொற்கள் இருக்கும். மீட்பு வரியில் அவை இல்லை. ஆகவே கரு தான் செய்வதையெல்லாம் வரிவரியாகத் திரையில் சொல்லிக்கொண்டே போகும். எந்த வரியில் திக்கி நிற்கிறது என்பதை நீங்கள் கண்ணால் காணலாம். இதுவே பாதி நோயறிதல்.

மீட்பு வரியில் சேர்க்கப்படும் சொற்களில் ஒன்று 'நோமோட்செட்'. திரை அட்டையின் வித்தைகளில் இறங்காதே, எளிய திரையே போதும் என்று அது கருவுக்குச் சொல்கிறது. திரை அட்டைக்கான புதிய இயக்கியை ஏற்றியபின் கறுப்புத் திரை வந்து தவிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த ஒரு சொல் வாசலைத் திறந்துவிடும்.

மற்றொரு சொல், சங்கிலியைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறது. வலைத்தொடர்பு, ஒலி, வண்ணத் திரை எதுவும் எழாது. அவற்றுக்குப் பதிலாக ஒரு சிறு பட்டியல் தோன்றும். வட்டைச் சரிபார்த்தல், இடம் உண்டாக்குதல், பாதியில் நின்ற நிறுவல்களைச் செப்பனிடுதல், கிரப்பைப் புதுப்பித்தல், வலைத்தொடர்பை இயக்குதல், ரூட் எனப்படும் முழு அதிகாரியாக ஆணைகளைத் தட்டச்சு செய்தல் என்று அதில் வரிசையாக இருக்கும். பட்டியலின் தலைப்பில் கோப்பு அமைப்பு 'படிக்க மட்டும்' நிலையில் இருப்பதாக ஒரு குறிப்பைக் காணலாம். மேலே சொன்ன நிபந்தனை இன்னும் தளர்த்தப்படவில்லை என்று பொருள். கடைக் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது.

பெயரை இழந்த கோப்புகள்

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னதான் எண்ணுகிறார்கள்? இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

லினக்ஸ் வட்டு, பொதுவாக 4096 பைட்டு அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்றொரு அட்டை உண்டு. கோப்பு எவ்வளவு பெரியது, யாருக்குச் சொந்தம், எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் கோப்பின் பெயர் மட்டும் அட்டையில் இராது! பெயர் இருப்பது கோப்புறையில். 'இந்தப் பெயருக்கு இந்த எண் அட்டை' என்று கோப்புறை குறித்துவைத்திருக்கும். இவை தவிர, எந்தக் கட்டம் காலி, எந்தக் கட்டம் நிறைந்தது என்று சொல்லும் இருப்புப் பட்டியல் ஒன்றும் உண்டு. ஆக, ஒரு கோப்பை உருவாக்க மூன்று நான்கு இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் 'சேமி' என்றதும் எழுத்துகள் உடனே வட்டுக்குப் போய்விடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வேகத்துக்காக அவை சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். சுமார் 30 நொடிவரைகூட. அதற்குள் மின்சாரம் நின்றால்? அட்டை எழுதப்பட்டு, கோப்புறையில் பெயர் எழுதப்படாமல் போகலாம். இரண்டு அட்டைகள் ஒரே கட்டத்தைத் தமக்குச் சொந்தம் என்று கூறலாம்.

இதைத் தடுக்க, 2001இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த 'எக்ஸ்ட்3' முறையில் ஒரு குறிப்பேட்டை வைத்தார்கள். இன்று பரவலாக உள்ள 'எக்ஸ்ட்4' முறையிலும் அது உண்டு. செய்யப்போகும் மாற்றங்களை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகே உரிய இடங்களில் எழுதுவார்கள். வழக்கமாக 5 நொடிக்கு ஒருமுறை குறிப்பேட்டின் பக்கம் முடிக்கப்படும். பாதியில் மின்சாரம் நின்றால், மறுமுறை தொடங்கும்போது குறிப்பேட்டைப் பார்த்து விட்டதை முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான மின்தடைகளை நாம் உணராமலே கடந்து போவது இதனால்தான்.

குறிப்பேடும் காப்பாற்றாத வேளைகள் உண்டு. வட்டே தேய்ந்து தவறாகப் பதியத் தொடங்கினால் குறிப்பேடு என்ன செய்யும்? அப்போது வருபவர்தான் நம் கணக்குப்பிள்ளை. 'எஃப்.எஸ்.சி.கே.' என்பது அவர் பெயர். 'கோப்பு அமைப்பைச் சரிபார்' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அட்டைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்து, கட்டங்களின் இருப்புப் பட்டியலைத் தாமே புதிதாகக் கணக்கிட்டு, வட்டில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுவார். ஒவ்வோர் அட்டைக்கும் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுவார். பெயரே இல்லாத அட்டை ஒன்று அகப்பட்டால் அதை வீசி எறிந்துவிட மாட்டார். ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களை ஓர் அறையில் சேர்த்து வைப்பார்கள் அல்லவா? அதுபோல, 'காணாமற்போனவையும் கிடைத்தவையும்' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு கோப்புறையில், அட்டை எண்ணையே பெயராக இட்டு வைத்துவிடுவார். கோப்புக்குள் இருப்பது அப்படியே இருக்கும். திறந்து பார்த்து, இது நம்முடையதுதான் என்று அடையாளம் கண்டு நீங்களே பெயர் சூட்டிக்கொள்ளலாம்.

இந்த வேலையை வட்டில் எழுத்து நடந்துகொண்டிருக்கும்போது செய்தால் என்ன ஆகும்? கரு தன் நினைவகத்தில் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு எழுதும். கணக்குப்பிள்ளை வட்டில் வேறொரு கணக்கை எழுதுவார். சிறு பிழை பெரும் சேதமாகிவிடும். அப்படிச் செய்ய முயன்றால் அந்த நிரலே பெரிய எழுத்துகளில் எச்சரிக்கும். மீட்பு நிலை எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வட்டை நீங்களும் கணிப்பொறியும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை அதைப் பழுது பார்க்க முடியாது. பயன்பாடு தொடங்குவதற்கு முந்திய கணத்தில் நிற்க வேண்டும்.

ஒதுக்கி வைத்த இருபதில் ஒரு பங்கு

இன்னொரு வேடிக்கையான நோய். கடவுச்சொல்லைச் சரியாகவே தட்டுகிறீர்கள். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்கிறது. எத்தனை முறை தட்டினாலும் இதே கதை. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள் என்று தம்பி தங்கைகளைச் சந்தேகிக்கத் தோன்றும். இதற்குக் காரணங்கள் சில உண்டு. முதலில் பார்க்க வேண்டியது வட்டு நிரம்பிவிட்டதா என்பதை. உங்களை உள்ளே விடுமுன் கணிப்பொறி உங்கள் பெயரில் சில சிறு கோப்புகளை எழுத வேண்டும். அவற்றுக்கும் இடம் இல்லையென்றால் அப்படியே திரும்பிவிடும். இடம் உண்டாக்க உள்ளே போக வேண்டும். உள்ளே போக இடம் வேண்டும்!

இந்த முடிச்சை அவிழ்க்க ஓர் ஏற்பாடு முன்பே இருக்கிறது. எக்ஸ்ட்4 வட்டை உருவாக்கும்போதே நூற்றுக்கு 5 பங்கு இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைப்பது வழக்கம். 100 ஜிகாபைட்டில் 5 ஜிகாபைட். சாதாரணப் பயனருக்கு வட்டு நிரம்பிவிட்டாலும் ரூட்டுக்கு இடம் இருக்கும். மீட்பு நிலையில் நீங்கள்தான் ரூட். எழுதும் அனுமதியைக் கொடுத்துவிட்டு, பழைய நாட்குறிப்புகளையும் பயன்படாத பழைய கருக்களையும் நீக்கினால் போதும். பட்டியலில் 'கிளீன்' என்ற வரி இதற்கு உதவவே இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ரூட்டாக நீங்கள் இடும் ஆணையை லினக்ஸ் பெரும்பாலும் மறுகேள்வி கேட்காமல் நிறைவேற்றிவிடும். எதை அழிக்கிறோம் என்று தெரியாமல் அழித்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களில் இதை எழுதுபவனும் ஒருவன்.

வேறு சில தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்தெந்த வட்டுகளைத் தொடக்கத்தில் திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் சேர்த்த வட்டைக் கழற்றி எடுத்துவிட்டால், கணிப்பொறி அதற்காக வழக்கமாக 90 நொடி காத்திருந்து பார்த்துவிட்டு, அவசர நிலை என்று அறிவித்து நின்றுவிடும். அந்த ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. புதிய கருவுக்கு மாறியபின் தொல்லை என்றால், கிரப் பட்டியலிலேயே பழைய கருவைத் தேர்ந்துகொள்ளலாம். மீட்பு நிலைகூடத் தேவைப்படாது.

திருடனுக்கும் திறக்கும் கதவு

கடவுச்சொல்லை மறந்துவிட்டாலும் மீட்பு நிலையில் ரூட்டாக நுழைந்து புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம். இதைப் படித்ததும் உங்களில் கூர்மையானவர்களுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். அப்படியானால் என் கணிப்பொறியின் முன் அமர்கிற யாரும் இதைச் செய்யலாமே?

செய்யலாம். உபுண்டுவில் வழக்கமாக ரூட்டுக்குக் கடவுச்சொல்லே இராது. ஆகவே மீட்பு நிலையில் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். டெபியன் என்னும் வகை ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆனால் நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காமல் விட்டிருந்தால், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி உரிமையாளரையே வாசலில் நிறுத்திவிடும்! ஒரு பக்கம் எல்லாருக்கும் திறக்கும் கதவு. மறுபக்கம் சொந்தக்காரனுக்கும் திறக்காத கதவு. எது நல்லது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. வீட்டிலேயே இருக்கும் கணிப்பொறிக்கு உபுண்டுவின் வழியே மேல் என்பது என் எண்ணம். கணிப்பொறியைக் கையோடு தூக்கிச் செல்லக்கூடியவன், வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டியும் படித்துவிடுவான். பூட்டிய ரூட் கணக்கு அவனைத் தடுக்காது.

அவனைத் தடுப்பது மறையாக்கம் ஒன்றுதான். வட்டு முழுவதையும் மறையெழுத்தாக மாற்றிவைக்கும் 'லக்ஸ்' என்ற முறை லினக்ஸில் உள்ளது. அப்படிச் செய்த வட்டு, மீட்பு நிலையிலும் தன் மறைச்சொல்லைக் கேட்ட பிறகே திறக்கும். பயணத்தில் எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்கு இது தேவை. ஆனால் அந்த மறைச்சொல்லை மறந்தால் மீட்பு நிலையாலும் மீட்க இயலாது.

கைபேசியிலும் 'ரெக்கவரி மோட்' என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின் மேல் அமைந்ததுதான். ஆயினும் பெயரை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். அங்குள்ள பட்டியலில், கைபேசியில் உங்களுடைய எல்லாவற்றையும் அழித்துவிடும் வரி ஒன்று இருக்கும். நாம் பேசும் மீட்பு நிலையோ, நீங்கள் ஆணையிடாதவரை எதையும் அழிப்பதில்லை.

கிரப்பே பாழாகிவிட்டாலோ, வட்டே இயங்காவிட்டாலோ மீட்பு நிலைக்கு வர வழியில்லை. அப்போது யூ.எஸ்.பி. கோலில் ஏற்றிய வேறொரு லினக்ஸைக் கொண்டு கணிப்பொறியைத் தொடங்கி, வட்டை வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் உபுண்டு உள்ள கணிப்பொறி இருந்தால், அது நலமாக இருக்கும்போதே இந்த வாசலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பள்ளிக் கணிப்பொறியாக இருந்தால் ஆசிரியரின் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். விசையை அழுத்தியதும், பழைய பயாஸ் கணிப்பொறியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். புதியதில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால், ஒவ்வொரு கருவுக்கும் கீழே அதன் மீட்பு நிலை இருக்கும். அதைத் தேர்ந்து, ஓடும் வரிகளைப் பாருங்கள். வட்டு எந்த வரியில் திறக்கிறது, விசைப்பலகை எந்த வரியில் அடையாளம் காணப்படுகிறது என்று தேடிப் பிடியுங்கள். பட்டியல் வந்ததும் வேறு எதையும் தொடாமல் 'ரெஸ்யூம்' என்ற முதல் வரியைத் தேர்ந்தால் மீதித் தொடக்கம் நடக்கும். திரை சற்று மங்கலாகவோ எழுத்துகள் பெரிதாகவோ தெரிந்தால் அஞ்ச வேண்டாம். 'நோமோட்செட்' இன்னும் நடப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் பழைய திரை திரும்பிவிடும்.